வானத்துக்குப் போய் வந்த பாடம்

மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. நடுச்சுவர் அவ்வளவு மெலிசு. தேங்காய் துருவுவது கேட்கும், இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தவரின் குறட்டை கேட்கும். அப்படிப்பட்ட வரிசையில் கடைசி வீடான மோகன்குமார் வீட்டிலிருந்து மட்டும் கொஞ்ச காலமாக ஒரு சண்டைச் சத்தமும் இல்லை. வீட்டுக்காரம்மா கெம்பம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தான் வாடகைக்கு விட்ட வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தம்மாவுக்குத் தொண்டையில் களி இறங்காது.

ஒரு நாள் அவரைக்காய்க் குழம்பு கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மோகன்குமார் கட்டைவிரலைக் கீழே காட்டினான். ராஜலட்சுமி உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தாள். அவன் மறுபடி கட்டைவிரலைக் காட்ட, அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லியா? சொல்லுங்கோ, நான் பஞ்சாயத்து பண்றேன்," என்றாள் கெம்பம்மா.

"சண்டையெல்லாம் இல்லக்கா," என்று மோகன்குமார் வழக்கம்போல் கத்தினான். "ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னேன். அத இவ ஒத்துக்க மாட்டேங்கிறா."

"அதுக்கு எதுக்குப்பா கைய ஆட்டற?"

"இவ சத்தமாப் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்குக் காது மந்தம். பெறகு எப்படித்தான் குடும்பம் நடத்துறது? எங்க பிரஸ் ஷாப் பாஷையில நடத்துறோம்."

"அய்யோ ராமா," என்று கெம்பம்மா வாயில் கைவைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மோகன்குமார் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தான். அங்கே பேசினால் கேட்காது, கைஜாடைதான். சிவகாசிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து வருஷங்கள் ஓடியதில் பாதிக் காது போய்விட்டது. ராஜலட்சுமி ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் நடத்தினாள். அவளுடைய வகுப்பறைக்கு அடுத்த கதவு கொல்லுப் பட்டறை. சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று சொல்லிக்கொடுத்ததில் ஒரு நாள் குரல் கிழிந்தது. பெங்களூரில் பார்த்த டாக்டர், குரல் நாணில் சின்ன முடிச்சு இருக்கிறது என்றார். கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, எதிரில் இருப்பவரோடு பேசுவது போல் மெதுவாகப் பேசலாம், மீறினால் அதுவும் மிஞ்சாது என்று சொல்லி அனுப்பினார்.

மெதுவாகப் பேசி வாத்தியார் வேலை பார்க்க முடியுமா? ராஜலட்சுமிக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதிலும் நாட்டம் இல்லை. ஒரு இரும்புத் துண்டைப் பார்த்து அதன் மூன்று பக்கத்தையும் தாளில் பிரித்துப் போடும் வித்தை ஒரு பையனுக்குப் பிடிபடும்போது அவன் முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதைப் பார்க்கத்தான் அவள் தினமும் பஸ் பிடித்தாள். ஆபீஸில் உட்கார்ந்து வருகைப் பதிவைக் கூட்டச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கல்லூரிக் கூரையில் ஒரு பெரிய டிஷ் வந்து உட்கார்ந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. செயற்கைக்கோள் வழியாகப் பாடம் நடத்தும் திட்டம் என்றார்கள். பிளஸ் டூவோடு நின்றுபோன பிள்ளைகளுக்கு டிராயிங் கற்றுத்தந்தால் பேக்டரிகளில் அப்ரண்டிஸாகச் சேரலாம். ராயக்கோட்டை, நாகரசம்பட்டி, அஞ்செட்டி மூன்று ஊரிலும் ஒரு டிவி, ஒரு கேமரா, ஒரு மைக். ஆசிரியர் ஓசூர் ஸ்டுடியோவில் நின்று நடத்துவார். இங்கே பேசுவது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து அந்த ஊர்களில் இறங்கும். சட்டைக் காலரில் குத்திய மைக்கில் முணுமுணுத்தாலே போதும்.

"உங்க தொண்டைக்குன்னே கட்டினாப்புல இருக்கு மேடம்," என்றார் திட்ட அலுவலர் பரமசிவம். கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், நல்ல மனுஷர், ஆனால் எதிலும் கறார். "ஆனா ஒண்ணு. மூணு சென்டரும் உயிரோட இருக்கணும். பசங்க கேள்வி கேக்கணும், நீங்க பதில் சொல்லணும். சும்மா டிவி பாக்கறதுக்கு இத்தன பெரிய ஏற்பாடு தேவையில்ல. ஒரு சென்டர் படுத்தாலும் கோர்ஸ மூடிடுவாங்க."

ராஜலட்சுமி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கே வீட்டில் வேலை ஆரம்பமாகிவிட்டது.

பழைய பாடத்தை அப்படியே தூக்கிக் கேமரா முன்னால் வைக்க முடியாது என்பது அவளுக்கு உடனே புரிந்தது. வகுப்பில் அவள் பாதி நேரம் கரும்பலகையிலேயே இருக்க மாட்டாள். பெஞ்சுக்கு நடுவே நடந்து, பென்சிலை இறுக்கிப் பிடித்தவன் விரலைத் தளர்த்திவிட்டு, தாளைத் திருப்பி வைத்து, தலையில் ஒரு தட்டுத் தட்டி வருவாள். அந்த நடையை எப்படி வானத்தில் அனுப்புவது? ஒரு மணி நேரப் பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கினாள். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் படம், பிறகு பிள்ளைகள் வரைவதற்குச் சும்மா இருக்கும் நேரம், பிறகு கேள்வி. காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க இதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அரிசி களையும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவில் மேலிருந்து கீழே பார்க்கும் கேமரா ஒன்று உண்டு. அதற்குக் கீழே கை வைத்து வரையப் பழக வேண்டும். மோகன்குமார் மிக்சி வந்த அட்டைப் பெட்டியின் அடியில் டிவி அளவுக்கு ஓட்டை போட்டு, விட்டத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டான். முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஸ்டூல் மேல் ஏறி அதற்குள் கண்ணை வைத்துக்கொள்வான். அவன்தான் கேமரா.

"கை மறைக்குது," என்று மேலிருந்து கத்துவான்.

அவள் முழங்கையை நகர்த்துவாள்.

"இப்ப தலை மறைக்குது. ஒன் கொண்டை மட்டுந்தான் தெரியிது. கொண்டைக்கு மேல்தோற்றம் வரையச் சொல்லப் போறியா?"

"வாய மூடிக்கிட்டுப் பாருங்க," என்பாள் மெதுவாக. அவனுக்குக் கேட்காது. கையால் காட்டுவாள். அது கேட்கும்.

கடைசியில் தாளின் கீழ்ப்பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, கோட்டைத் தன்னிடமிருந்து வெளிப்பக்கமாக இழுக்கக் கற்றுக்கொண்டாள். இத்தனை வருஷம் போட்ட கோடு மறுபடி புதுசாக வளைந்தது. எழுதப் பழகும் குழந்தை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

பொருளை நடுவில் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் வெட்டுத்தோற்றம்தான் பிள்ளைகளுக்கு எப்போதும் கஷ்டம். அதற்குச் சந்தையிலிருந்து நூல்கோல், சுரைக்காய், குடைமிளகாய் எல்லாம் வந்தன. மாங்காய் சீசன் முடியும்போது கிடைத்த ஒரு பெங்களூரா மாங்காயைக் கொட்டையோடு அரிவாள்மணையில் வைத்து நீளவாக்கில் பிளந்தாள். வெட்டுப்பட்ட சதைக்குச் சாய்கோடு, கொட்டைக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குக் கோடு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மோகன்குமாருக்கே புரிந்துவிட்டது.

"அடேயப்பா," என்றான். "இத்தன வருசமா எங்க டை அச்சோட டிராயிங்குல இந்தச் சாய்கோட்டப் பாக்கேன். அழகுக்குப் போட்டிருக்காகன்னுல்ல நெனச்சேன்."

அந்த மாசம் முழுக்க அந்த வீட்டில் பாதியாக வெட்டின காய்களின் சாம்பார்தான்.

நேரடி வகுப்பு செவ்வாயும் வியாழனும். சனிக்கிழமை அதன் பதிவைத் திரும்பப் போடுவார்கள். முதல் செவ்வாய்க்கிழமை ராஜலட்சுமி கட்டம் போடாத வெளிர்நீலச் சேலை கட்டிக்கொண்டு போனாள். கட்டம் போட்டால் திரையில் நெளியும் என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தான். அவன்தான் ஸ்டுடியோவில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து விரலால் மூன்று, இரண்டு, ஒன்று என்று காட்டினான். கேமராவில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

அறையில் ஒரு பெஞ்சு இல்லை, ஒரு பிள்ளை இல்லை. சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சும் மெத்தை. தன் மூச்சுதான் அவளுக்குக் கேட்டது. "வணக்கம் பிள்ளைகளா," என்று சொல்லிவிட்டு நின்றாள். அந்த வணக்கம் கூரையைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, நிலாப் பாதையில் பத்தில் ஒரு பங்கு தூரம் ஏறி, காட்டுக்கு நடுவே அஞ்செட்டியில் ஒரு டிவியில் இறங்குகிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஓசூரிலிருந்து அஞ்செட்டிக்குப் பஸ்ஸில் போனால் பாதி நாள் போய்விடும். வானத்தைச் சுற்றிக்கொண்டு போனால் கண் இமைக்கும் நேரம். என்ன மாதிரி உலகத்தில் நமக்குப் பிழைப்பு வாய்த்திருக்கிறது என்று அந்த இடத்தில் அவளுக்குக் கும்பிடத் தோன்றியது.

கேள்வி கேட்க வேண்டுமானால் அந்த ஊரில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்டுடியோவில் அந்த ஊர்ப் பெயர் எழுதின விளக்கு எரியும். பிறகுதான் அவர்கள் படம் இங்கே தெரியும். முதல் நாளே நாகரசம்பட்டி விளக்கு எரிந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். பிள்ளைகளை அதட்டிக் கேட்க வைத்தார். ராயக்கோட்டை இரண்டாம் வகுப்பில் எரிந்தது. அஞ்செட்டி எரியவேயில்லை.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா? அஞ்செட்டி?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டாள். பதில் இல்லை. லைன் கெட்டுப்போச்சோ என்று ஜெகதீஷ் இங்கிருந்தே அவர்கள் மைக்கைத் திறந்து பார்த்தான். மழைச் சத்தமும் பென்சில் உராய்வதும் நன்றாகவே கேட்டன. ஆள் இருக்கிறது. பேச்சுத்தான் இல்லை.

அவர்கள் வரைந்த தாள்கள் வாராவாரம் பஸ்ஸில் சுருட்டி வந்தன. பிரித்தால் ராஜலட்சுமிக்குத் தலை சுற்றியது. அளவு ஒன்றுகூடத் தப்பவில்லை. முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம் நேராக வந்திருந்தது. ஆனால் கோடெல்லாம் நடுங்கியது. வயசானவர்கள் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒவ்வொரு கோடும் ஆடி ஆடிப் போயிருந்தது. ஒருவர் இருவர் இல்லை, வகுப்பு மொத்தமும் அப்படி.

பரமசிவம் தாள்களை மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"இது என்ன மேடம், பஸ்ல உக்காந்து வரைஞ்சாங்களா?"

"தெரியல சார். அங்க பெஞ்சு டெஸ்க் எல்லாம் இருக்கில்ல?"

"நானே நின்னு போட்டுட்டு வந்தேன். புது டெஸ்க். அந்த ஊருப் பசங்களுக்கு இது ஏறலன்னு நெனைக்கிறேன். வீட்ல கன்னடம், நீங்க தமிழ்ல நடத்தறீங்க. கூச்சம் வேற."

"ஏறாம அளவு எப்படி சார் சரியா வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மேல என்ன கேப்பாங்கன்னா, அஞ்செட்டியில ஒரு தடவையாவது வெளக்கு எரிஞ்சுதான்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா டிஷ்ஷக் கழட்டுன்னுவாங்க. ரெண்டு சென்டருக்கு ஸ்டுடியோ ஓட்ட மாட்டாங்க. வர்ற செவ்வாக்கெழம நானே வந்து உக்காந்து பாக்கறேன். அன்னிக்கும் எரியலன்னா எழுதி அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. உங்க நெலம தெரிஞ்சுதான் இவ்வளவு நாள் தள்ளினேன்."

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் காலண்டர் தாள்களுக்கு முன்னால் நின்றாள். எங்கே தப்பு? பேச்சு வேகமா? சும்மா இருக்கும் நேரம் போதவில்லையா? மோகன்குமார் வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் முகத்தைப் பார்த்து ஜாடையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன ராஜி?"

அவன் காதருகே வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். "கோர்ஸ் போச்சுன்னா நான் பழையபடி பட்டறை பக்கத்து ரூமுக்குப் போகணும்ங்க. அங்க என்னால ஒரு வாரம் தாங்காது. அதோட நான் வாத்திச்சி இல்ல, அம்புட்டுத்தான்."

அவன் பிரஸ் ஷாப் ஆள். ஆறுதல் சொல்லத் தெரியாது. "நேர்ல போய்ப் பாத்தியா?" என்றான்.

"எப்படிப் பாக்குறது? வகுப்பு நடக்குறப்ப நான் இங்கனல்ல நிக்கணும்?"

"சனிக்கெழம நீதான் டிவிக்குள்ள இருப்பியே. அப்ப நாம பஸ்ஸுல இருப்போம்."

சனிக்கிழமை விடியும்போதே தூறல். தேன்கனிக்கோட்டை வரை உட்கார இடம் கிடைத்தது. அங்கிருந்து அஞ்செட்டி பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகளோடு நின்றுகொண்டு போனார்கள். வழியெல்லாம் கேழ்வரகு கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. மலை இறங்கும்போது பஸ்ஸுக்குள் மேகம் புகுந்தது. காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற அந்தப் பாதையில் டிரைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்துவிட்டு யானை இருக்கிறதா என்று பார்த்தார். இந்தக் காட்டைத் தாண்டியா என் பேச்சு வருகிறது என்று ராஜலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே வானத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, மழைதான் முகத்தில் விழுந்தது.

இறங்கும்போதே நேரமாகிவிட்டது. கண்டக்டர், இதே வண்டி டீ குடித்ததும் திரும்பும், விட்டால் நாளைக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு பழைய கட்டடம்தான் சென்டர். கூரையில் டிஷ் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே பாடம் நடக்கிறது. அவளுடைய குரல் வெளியே வரைக்கும் கேட்டது. தன் குரலைத் தானே அந்த ஊரில் கேட்டதும் அவளுக்குக் கால் ஒரு நிமிஷம் நின்றது.

பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சுவரின் உச்சியில், கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில் டிவி. அதில் அவள் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கீழே புது பெஞ்சும் டெஸ்க்கும் வரிசையாக இருந்தன. பெஞ்சில் ஒருவரும் இல்லை. வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது.

குனிந்து டெஸ்க்கில் வரைந்தால் டிவி தெரியாது. அதனால் படப்பலகையை இடது முழங்கையில் ஏந்தி, விளிம்பை வயிற்றில் முட்டுக்கொடுத்து, கண்ணைத் திரையிலும் பென்சிலைத் தாளிலும் வைத்து வரைந்தார்கள். சிலர் ஜோடி சேர்ந்திருந்தார்கள். ஒருவன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான், மற்றவன் வரைந்தான். பிறகு பலகை கை மாறியது. ஒரு பையன் கால் மாற்றி நின்றான். யாரும் உட்காரவில்லை. கதவோரத்தில் சென்டர் பொறுப்பாளர் மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு அவனும் நின்றான்.

டிவி ராஜலட்சுமி, "இப்ப நீங்க வரைங்க," என்று சொல்லிவிட்டு மௌனமானாள். வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்த மௌனம் அது. அந்த மௌனம் முழுவதும் அவர்கள் நின்றபடியே வரைந்தார்கள்.

ஜன்னலில் நின்றவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாத்தியார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, உட்காரச் சொன்னால் உட்காருவது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் பழகின விஷயம். வகுப்பறையில் பிள்ளைகள் எழுந்தால் அவள் வாய் தானாக உட்காரச் சொல்லிவிடும். ஸ்டுடியோவில் எழுந்து நிற்க யாரும் இல்லை. அதனால் அவள் சொல்லவேயில்லை. மற்ற இரண்டு ஊரிலும் பொறுப்பில் இருந்தவர்களே உட்காரச் சொல்லியிருப்பார்கள். பாடத்தை நறுக்கி நறுக்கித் திட்டம் போட்டவள் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். அதற்காக இந்தக் காட்டு ஊரில் ஒரு கூட்டம் வாரக்கணக்கில் நின்றுகொண்டே படித்திருக்கிறது.

மோகன்குமாரும் எட்டிப் பார்த்தான். அவன் கத்தும் முன்னால் அவள் அவன் வாயைப் பொத்தினாள். மாதேஷைக் கையசைத்து வெளியே கூப்பிட்டாள். அவன் வந்து அவளைப் பார்த்தான், திரும்பி டிவியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"மேடம்... நீங்க... உள்ளாறயும் நீங்கதானே பேசறீங்க?"

"அது போன செவ்வாக்கெழம பேசுனதுப்பா. ஏன் எல்லாரும் நிக்கிறாக?"

"நீங்க வந்தீங்க, எந்திரிச்சோம் மேடம்."

"பெறகு உக்கார வேண்டியதுதான?"

"நீங்க உக்காரச் சொல்லலீங்களே." மாதேஷ் கூச்சத்தோடு சிரித்தான். "நீங்களும் நின்னுட்டுதான பேசறீங்கோ. டிவி கிளாசுன்னா இப்பிடித்தான் போலன்னு நெனச்சோம். மொத நாளு கொஞ்சம் கால் நோவுதுன்னாங்க. அப்புறம் பழகிடுச்சுங்க. களத்துல நாளெல்லாம் நிக்கறவங்கதான, இதென்ன ஒரு மணி நேரம்."

"நீ சொல்லக் கூடாதாப்பா?"

"நானா? வாத்தியாரம்மா நிக்க வெச்சிருக்கறப்ப நான் யாருங்க உக்காரச் சொல்றதுக்கு?"

ராஜலட்சுமி ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "சரி, சந்தேகம் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாகளே. அந்தப் பட்டன ஒரு தடவகூட அமுக்கலியே."

"அதுவா மேடம். நெறைய சந்தேகம் கீதுங்க. கிளாஸ் முடிஞ்சதும் வெளிய வந்து அவங்களுக்குள்ள கன்னடத்துல பேசிப் பேசித் தீத்துக்குவாங்க. அதோ, ஜன்னலோரம் பச்ச தாவணி, ஜெயப்ரியா. அந்தப் பொண்ணுதான் பெரிய கேள்விக்காரி. பட்டன அமுக்கும்மான்னேன். அது இன்னா சொல்லுச்சு தெரியுங்களா? கேள்வி கேக்கறவங்க எந்திரிச்சு நிக்கோணும். எல்லாருமே நிக்கறப்ப நான் எங்கேர்ந்து எந்திரிக்கறது அண்ணா, அப்பிடின்னுச்சு."

"ஏங்க, கேட்டீங்களா?" என்று மோகன்குமார் பக்கம் திரும்பினாள். அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. ஜாடையில் சொல்லப் பார்த்தாள், கை வரவில்லை. அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தனக்கு முன்னால் இத்தனை மரியாதை எழுந்து நின்றது தெரியாமல், இவர்களுக்குப் பாடம் ஏறவில்லை என்று பரமசிவம் சொன்னதை ஒரு நொடி பாதி நம்பவும் செய்தோமே என்று இருந்தது.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

"உள்ள போயி உக்காரச் சொல்லிட்டு வா ராஜி. ஒரு நிமிசந்தான்," என்றான் மோகன்குமார்.

அவள் தலையை ஆட்டினாள். அவன் காதருகே, "வேணாங்க. இங்கன வந்து சொன்னா இன்னைக்கு மட்டும் உக்காருவாக. செவ்வாக்கெழம டிவியில வந்ததும் திரும்ப எந்திரிச்சிருவாக. எங்கன நின்னு விட்டேனோ அங்கன நின்னுதான் சொல்லணும்," என்றாள். மாதேஷிடம், நாங்கள் வந்துபோனதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

செவ்வாய்க்கிழமை பரமசிவம் முன்கூட்டியே வந்து ஸ்டுடியோவின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ராஜலட்சுமி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெகதீஷிடம் மட்டும், "தம்பி, ஆரம்பத்துலயே அஞ்செட்டி மைக்கத் திறந்து விடுங்க," என்றாள். கேமராவில் சிவப்புப் புள்ளி வந்தது.

"வணக்கம் பிள்ளைகளா."

ஸ்பீக்கரில் பெஞ்சுகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் வந்தது. எழுந்துகொள்கிறார்கள். பரமசிவம் தலையைத் தூக்கினார். ராஜலட்சுமி கேமராவை நேராகப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"எல்லாரும் உக்காருங்க." பிறகு, கெம்பம்மாவிடம் கேட்டுப் பழகி வந்த கன்னட வார்த்தையையும் சேர்த்தாள். "கூத்கொள்ளி."

ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தை மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அஞ்செட்டியிலிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு பெஞ்சு, அடுத்து இன்னொன்று, பிறகு மொத்த வகுப்பும் தடதடவென்று உட்கார்ந்தது. யாரோ ஒரு பையன், "அப்பாடா" என்றான். உடனே ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. இத்தனை பெரிய வானத்தைத் தாண்டி அவர்கள் உட்காரும் சத்தம் வருகிறதே என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் மூன்று ஊருக்கும் தெரியும். அப்படியே பாடத்தை ஆரம்பித்தாள்.

குடைமிளகாயைப் பிளந்து கேமராவுக்குக் கீழே வைத்தாள். சாய்கோடு போட்டாள். மௌனம் கொடுத்தாள். பிறகு கேட்டாள். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

நாகரசம்பட்டி விளக்குக்குப் பக்கத்தில் அதுவரை செத்துக் கிடந்த விளக்கு எரிந்தது.

"மேடம், அஞ்செட்டி!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெகதீஷ் வாயசைத்தான். பரமசிவம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். திரையில் படம் விரிந்தது. வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் தலைகள், அவற்றுக்கு நடுவே எழுந்து நிற்கும் ஒரே ஒரு பெண்.

"சொல்லும்மா. பேர் என்ன?"

"ஜெயப்ரியாங்க மேடம்."

"என்ன சந்தேகம் ஜெயப்ரியா?"

அந்தப் பெண் மைக்கைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "வெட்டுத்தோற்றத்துல ஒண்ணு கேக்கோணுங்க மேடம். அது அப்பறம் கேக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கள உக்காரச் சொல்லிட்டு நீங்க நிக்கறீங்களே. மொத நாள்லேர்ந்து நின்னுட்டேதான் இருக்கறீங்க. நீங்களும் உக்காருங்க மேடம்."

ஸ்டுடியோவில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. யாரும் யோசித்ததில்லை. பரமசிவம் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கேமராவில் தன் முதுகு தெரிவதைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்து வந்து அவளுக்குப் பின்னால் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

ராஜலட்சுமி உட்கார்ந்தாள்.

திரையில் அந்தப் பெண் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ராஜலட்சுமி சேலையில் குத்தியிருந்த மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நீயும் உக்காரும்மா," என்றாள்.

அந்த வார்த்தை வானத்துக்குப் போய் இறங்கும் வரைக்கும் ஜெயப்ரியா நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.